வருக்கைப் பலாவின் குற்றம்

ஆனி மாதம் பிறந்துவிட்டால் எனக்கு வேறு யோசனை ஓடாது, ஏட்டையா. அனுமந்தன்பட்டியில் எங்கள் தோட்டத்தில் ஒரு வருக்கைப் பலா நிற்கிறது. முதல் பழத்தை நான்தான் வெட்டுவேன். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தால், முப்பது சுளையைத் தேனில் தொட்டுத் தின்ற பிறகுதான் எழுந்திருப்பேன். நல்லகண்ணுவுக்குக் கல்லையும் செரிக்கிற வயிறு என்று கம்பம் சந்தை வரைக்கும் பேச்சு. வேறு பேர் எதையும் நான் சம்பாதிக்கவில்லை.

இந்தப் பிரஜோற்பத்தி வருஷம் ஆறாவது சுளையிலேயே வயிறு புரட்டிவிட்டது. பொழுது சாயும்வரை ஓடைப்பக்கம் போவதும் வருவதுமாக இருந்தேன். பழத்தில் ஏதோ கோளாறு, அவ்வளவுதான். அதைச் சொன்னால் என் பெண்சாதி பஞ்சம்மாள் சிரிக்கிறாள்.

"பழம் என்ன செய்யும்? ஒங்களுக்கு வயசாயிருச்சு. எந்தம்பியும் இதே பழத்தத்தான தின்னான்? அங்கன பாருங்க, குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கான்."

அவள் தம்பி ஒச்சாண்டி நல்ல பையன். அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இருபத்தெட்டுச் சுளை தின்றுவிட்டு ஏப்பம் விட்டான். அந்த ஏப்பத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

"மச்சான், இனிமே ஒங்களுக்குக் கஞ்சிதான்," என்றான்.

மறுநாள் மிச்சப் பழங்களையெல்லாம் பஞ்சம்மாள் அவன் வீட்டுக்கு வண்டியேற்றி அனுப்பிவிட்டாள். என் மரத்துப் பழம், எனக்கில்லை. அழுகையே வந்துவிட்டது.

பிறகு நிதானமாக யோசித்தேன். ஒரு பழத்தைத் தின்ற இரண்டு பேரில் ஒருவனுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் குறை வயிற்றில். இருவருக்குமே ஒத்துக்கொள்ளவில்லை என்றால் குறை பழத்தில். நியாயம்தானே? மாட்டுக்குப் பேதி கொடுக்க வைத்திருந்த நேர்வாளக் கொட்டையை அரைத்து மலைத்தேனில் கலந்தேன். சுளைக்குத் தொட்டுக்கொள்ள வைத்துக்கொள் என்று ஒச்சாண்டியிடம் கொடுத்தேன். இரண்டு நாள் படுத்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அளவு கூடிப்போனது. மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்துவிட்டான்.

ஒரு ஆள் சாட்சி போதாது. துட்டி வீட்டில் அடுப்பு எரியாது அல்லவா? பசியோடு இருந்த உறவுக்காரர்களுக்கு அதே மாதிரி கலந்த தேனில் சுளையைத் தொட்டு நானே கொடுத்தேன். ஏழு பேர் படுத்தார்கள். அளவைக் குறைத்திருந்தேன், ஏழு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். எனக்கும் இரக்கம் உண்டு.

இனி ஊர் பழத்தைத் திட்டும் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. காலரா என்றார்கள். சர்க்கார் ஆட்கள் வந்து கிணறுகளில் ஊதா மருந்தைக் கொட்டினார்கள். அம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். ஏழு பேரில் ஒருத்தியான மூக்கம்மாள் எழுந்து உட்கார்ந்ததும் முதலில் என்ன சொன்னாள் தெரியுமா?

"காலரான்னு சொல்லிட்டாக. பழத்துமேல என்ன குத்தம்? அம்புட்டு ருசி."

இவ்வளவு பாடுபட்டும் என் வயிறு இழந்த பேர் திரும்பவில்லை. அதனால்தான் உத்தமபாளையம் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தே வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். காலரா இல்லை. நேர்வாளம் கலந்தது நான். ஒச்சாண்டியைக் கொன்றது நான். எதையும் மறுக்கவில்லை. ஆனால் முதல் வரியில், பழம்தான் கெட்டது, நல்லகண்ணுவின் வயிறு கெடவில்லை என்று இருக்க வேண்டும். சந்தேகமே வேண்டாம். கிளம்பும்போது ஒச்சாண்டி வீட்டில் மிஞ்சிக் கிடந்த அதே மரத்துப் பழத்தில் பத்துச் சுளை தின்றுவிட்டுத்தான் வந்தேன். ஒன்றும் செய்யவில்லை.

கைநாட்டை அப்புறம் வைக்கிறேன், ஏட்டையா. இங்கே கொல்லைப்புறம் எந்தப் பக்கம்? கொஞ்சம் அவசரம்.