கையெழுத்துக்குக் காத்திருந்த பாய்லர் அண்ணன்

மேடையில் அமர்ந்திருக்கும் நிர்வாகப் பெரியோர்களே, சங்கத் தோழர்களே, முன்வரிசையில் என்னை ஏறிட்டும் பார்க்காத அண்ணியாரே! அனைவருக்கும் என் வணக்கம்.

நம் பாய்லர் அண்ணனைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி? ஒன்றே ஒன்றுதான். அவருக்குப் போன பதினோரு மெமோக்களையும் எழுதிய ஷிப்ட் அதிகாரி நான்!

என் கையெழுத்து இல்லாமல் பாய்லரை நிறுத்தக் கூடாது என்பது விதி. அண்ணனோ சத்தம் லேசாக மாறினாலே நிறுத்திவிடுவார். உடனே மெமோ! ஒரு மெமோவில் எழுதிய சொல்லை அடுத்ததில் எழுதினால் தலைமையகம் திருப்பி அனுப்பிவிடும். அதனால் சொல் தேடினேன். விதியை 'மீறினார்' என்றேன். 'துச்சமாக மதித்தார்' என்றேன். 'காற்றில் பறக்கவிட்டார்', 'எள்ளி நகையாடினார்', 'காலில் போட்டு மிதித்தார்'! எழுதிவிட்டு நானே ரசித்துப் படித்தேன். வெட்கக்கேடு!

அண்ணன் வாங்கிப் படித்துவிட்டுச் சிரிப்பார். "நான் எங்க சார் நகையாடினேன்? பயந்துபோய்தான் நிறுத்தினேன்!" என்பார்.

பயந்த மனிதரையா நான் திமிர் பிடித்தவர் ஆக்கினேன்? பதினோராவது மெமோவில் 'இனி நடந்தால் வேலை போகும்' என்று சேர்த்தேன். அன்று அவர் சிரிக்கவில்லை. "பொண்ணு படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு சார். இனிமே நீங்க சொல்லாம கை வைக்க மாட்டேன்" என்றார். சொன்ன சொல் தவறாதவர் நம் அண்ணன்!

சென்ற செவ்வாய்க்கிழமை காலை என் கதவைத் தட்டினார். உள்ளே கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கதவுக் கண்ணாடி வழியே பார்த்து, இருங்கள் என்று கையைக் காட்டினேன். பத்து நிமிடம் நின்றார். அனுமதிச் சீட்டைக் கதவடியில் செருகிவிட்டு ஓடினார். பாய்லர் வெடிக்கும் முன் அந்த அறையில் இருந்த ஆறு பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். அண்ணன் வரவில்லை. அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார்: "எங்கள வெளிய தள்ளிட்டு, நீங்க வர்றீங்களான்னு வாசலையே பாத்துட்டு நின்னாரு சார்."

அதற்குப் பிறகு என்னால் அந்தக் கண்ணாடியைப் பார்க்க முடியவில்லை. அங்கே அவர் நிற்கிறார். கோபமே இல்லாமல் நிற்கிறார். கோபப்பட்டால்கூடத் தாங்கிக்கொள்வேன்!

தோழர்களே, இனி சத்தம் மாறினால் யாரும் என் கதவுக்கு வர வேண்டாம். நிறுத்திவிடுங்கள்! மெமோ என் பெயருக்கு வரட்டும். எழுதுகிறவர் சொல் தேடித் திண்டாட வேண்டாம், என்னிடம் பதினொன்று இருக்கின்றன.

அண்ணே, உங்கள் சீட்டில் இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி அந்தக் கதவருகே நிற்க வேண்டாம்.