தலைவர் போட்ட கையெழுத்து

மாட்டுத்தாவணியில் திருப்பரங்குன்றம் பஸ் ஏறினேன். மூன்றாவது வரை படித்து மூன்று லாரிக்கு முதலாளியான எனக்கே முன் சீட்டுப் பேச்சு புதுசாக இருந்தது. பழைய தலைவர்களின் கையெழுத்துகளைச் சேர்க்கும் ஒருவர், பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு கடிதம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க அப்பாவுக்கு சிபாரிசு பண்ண முடியாதுன்னு தலைவர் எழுதுன லெட்டருதானே. அத எதுக்கு சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கீக?"

"அதக் காட்டித்தான் அப்பா பொண்ணு கேட்டாரு. அம்மாவப் பெத்தவருக்குப் படிப்பு கெடையாது. அடியில இருந்த கையெழுத்த அப்பா தொட்டுக் காட்டவும், தலைவருக்கு வேண்டியவன்னு பொண்ணக் குடுத்துட்டாரு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவுகளுக்கும் படிக்கத் தெரியாது. தினமும் பூ வைக்கிறாக."

"எனக்குக் குடுங்கண்ணே. கண்காட்சியில வைக்கிறேன்."

"வச்சா, எவனாச்சும் அம்மாகிட்டப் படிச்சுச் சொல்லிருவான். அப்புறம் இந்த வயசுல அப்பாவுக்கு யாரு சோறு போடுறது?"