நேரான கட்டை

கோல்ஃப் பந்தைக் குழிக்குள் உருட்டிவிட உடம்பில் பெரிய தெம்பு வேண்டியதில்லை. தலை ஆடாமல் இருந்தால் போதும். பதினெட்டு வருஷம் கோல்ஃப் மைதானத்தில் அந்தப் புல்லை வெட்டியவன் சொல்கிறேன். உருட்டியதும் பந்து எங்கே போகிறது என்று நிமிர்ந்து பார்க்கிறார்களே, அங்கேதான் காரியம் கெடுகிறது. விழுகிற சத்தம் காதில் கேட்கும்வரை குனிந்தே இருக்க வேண்டும்.

என் தங்கை புருஷனும் அங்கேதான் வேலை பார்த்தான். மட்டையும் பந்தும் எடுத்துக் கொடுக்கிற அறைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. நிழல், மின்விசிறி, உட்கார நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆளுக்குப் பத்துப் பந்து உருட்ட வேண்டும், அதிகம் போடுகிறவனுக்கு வேலை என்று மேனேஜர் விளையாட்டாகச் சொல்லிவிட்டார். எனக்கு முட்டி இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. அவனுக்கு வயது முப்பத்தைந்து.

"மச்சான், நீங்க உருட்டுனா பந்து வழி கேட்டுக்கிட்டுல்ல போகுது" என்பான்.

"சிரி மாப்ள, நல்லா சிரி."

கேலியில் விஷம் இருக்காது. வழியும் அவனே சொல்லிக் கொடுத்தான். "தரையில நேரா ஒரு கட்டையப் போடுங்க. மட்டை அதை ஒட்டியே போய் வரணும். தெனம் நூறு தடவை. கை தானா பழகிடும்."

வெள்ளிக்கிழமை காலை கட்டை தேடினேன். சரிவின் மேலே புல்லை அமுக்குகிற இரும்பு உருளை நின்றது. அதற்கு முட்டுக்கொடுத்திருந்த கட்டை நல்ல நேர். கீழே அவன் குப்புறப் படுத்து, தண்ணீர்க் குழாய்ப் பள்ளத்துக்குள் தோள்வரை கையை விட்டிருந்தான். நான் எதையும் தள்ளவில்லை. கட்டையை எடுத்தேன், அவ்வளவுதான். உருளை உடனே நகரவும் இல்லை. ஈர மண்ணில் கொஞ்சம் பதிந்திருந்தது.

பக்கத்துப் புல்தரைக்குப் போய் உருட்ட ஆரம்பித்தேன். அவன் சொன்னது சரிதான், மட்டை கோணவில்லை. எண்பத்தாறாவது பந்தில் உருளை இறங்குகிற சத்தம் கேட்டது. "மச்சான்" என்று கூப்பிட்டான். இரண்டு தடவை. நான் தலையைத் தூக்கவில்லை. மீதிப் பதினான்கில் பதின்மூன்று விழுந்தன. அதன் பிறகு கட்டையைத் துடைத்துக் கொட்டகையில் வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி நடக்கவில்லை. நாற்காலி எனக்கே வந்தது. தங்கை என் தோளில் சாய்ந்து வெகுநேரம் அழுதாள். நான் அசையாமல் நின்றேன். அதற்குள் பழகியிருந்தது.

இன்ஸ்பெக்டர் ஐயா, மேனேஜர் உங்களிடம் எனக்காகப் பரிந்து பேசியிருக்கிறார். கட்டையை நான் எடுத்திருந்தாலும் அறியாமல்தான் எடுத்திருப்பேன், எழுதப் படிக்கத் தெரியாதவன், உருளையில் எழுதியிருப்பது எனக்குப் புரிந்திருக்காது என்றாராம். நல்ல மனுஷன். நீங்களும் அதை நம்பி, கைநாட்டு வைக்க மைப்பெட்டியை எடுத்து வைத்தீர்கள். நான்தான் காகிதம் கேட்டேன்.

நாற்பது வயதுக்கு மேல் என் தங்கை தன் வீட்டு அடுப்படியில் உட்காரவைத்து எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். யார் துணையும் இல்லாமல் நான் முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தது அந்த உருளையில் சிவப்பாக எழுதியிருந்த வரியைத்தான்: "சரிவில் கட்டையை எடுக்காதே."

அன்று காலை குனிவதற்கு முன்பும் ஒருமுறை படித்தேன்.