இருநூறு அட்டைகள்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பிழைக்க வந்த இந்த ஊரில் எதற்கும் ஆங்கிலம்தான்; அக்கம்பக்கத்துத் தமிழர்களில் யாருக்கு விண்ணப்பம் எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். வேறு எதற்கும் வரமாட்டார்கள். வீட்டிலும் அதே கதைதான். குடும்பம் ஓடியது மனைவியின் சம்பளத்தில். எனக்கென்று இருந்த மரியாதை ஆங்கிலம் ஒன்றுதான்.

அவள் முதியோர் இல்லத்தில் ஆயா. மருந்து கொடுக்கும் வேலைக்கு உயர வேண்டுமானால், டாக்டரின் குறிப்புகளில் வரும் இருநூறு ஆங்கில வினைச்சொற்களைப் படித்துத் தேர்வு எழுத வேண்டும்.

"நீங்களே சொல்லிக்குடுங்க. வெளிய போய்க் கேட்டா சிரிப்பாங்க" என்றாள்.

தினம் பத்து அட்டை எழுதினேன். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள். மனப்பாடமானதும் கிழித்துப் போட்டுவிட வேண்டும் என்பது என் விதி. அட்டை கையில் இருந்தால் மூளை சோம்பேறியாகிவிடும் என்று சொல்லியிருந்தேன். நம்பினாள்.

மூன்றாவது வாரம், நான் எழுதிய விண்ணப்பம் ஒன்றில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தாள். குத்திக்காட்டவில்லை, சிரித்துக்கொண்டே திருத்தினாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்றைய அட்டைகளில் 'வித்ஹோல்ட்' இருந்தது. கொடுக்காமல் நிறுத்திவை என்று பொருள். 'விடாமல் கொடு' என்று எழுதினேன். தேர்வில் தோற்கட்டும் என்றுதான். அந்தச் சொல் தேர்வில் வரவே இல்லை. அவள் தேறிவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, சாப்பாடு பரிமாறும்போது சொன்னாள்.

"ஏழாம் கட்டில் தாத்தாவுக்கு இதய மருந்துங்க. நாடி அறுபதுக்குக் கீழ போனா வித்ஹோல்ட்னு டாக்டர் எழுதியிருக்காரு. நாடி கொறஞ்சுகிட்டே போகுது, பாவம். நான் ஒரு வேளைகூட விடாம குடுத்துட்டு வர்றேன்."

இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன். அப்படி நான்கு நாள் அவள் சொன்னாள், நான் கேட்டுக்கொண்டேன். ஐந்தாம் நாள் கட்டில் காலியாகிவிட்டது.

விசாரணையில் அதிகாரிகள் ஆங்கிலத்தில் கேட்டார்கள். அவளுக்குத் தெரிந்தது அந்த இருநூறு சொற்களும் கொஞ்சமும்தான். மொழிபெயர்க்க என்னைத்தான் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"இவரு அட்டைல சரியாத்தான் எழுதிக்குடுத்தாரு. என் மண்டைலதான் தப்பா ஏறிடுச்சு" என்றாள்.

அதை ஒரு சொல் பிசகாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். ஏழு வருடம் தீர்ப்பாயிற்று.

சிறைக்கு வரும் காகிதங்கள் எல்லாம் ஆங்கிலம். பார்க்கப் போகும்போதெல்லாம் நீட்டுவாள், "இதுல என்னங்க போட்டிருக்கு?" என்பாள். மேல்முறையீட்டுக்குக் கடைசித் தேதி குறித்து போன மாதம் ஒன்று வந்தது. வழக்கமான அறிவிப்புதான் என்றேன். தலையாட்டிவிட்டு, என்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள். தேதி முந்தாநாளோடு முடிந்தது. எங்களுக்குள் இப்போது ஒரு மனக்கசப்பும் கிடையாது.