நான்காம் எண்ணுக்கு ஓய்வு கொடுங்கள்

மணியடித்தே பேச்சை முடித்துவைக்கும் மாண்புமிகு தலைவர் அவர்களே! முன்வரிசையில் முதுகுவலியோடு அமர்ந்திருக்கும் மூத்த மென்பொருள் பொறியாளர்களே! “என் பிள்ளை கம்ப்யூட்டர்ல என்னமோ பண்றான்” என்று பெருமை பொங்கச் சொல்லும் தாய்மார்களே! தலைதாழ்ந்த வணக்கம்.

அந்த ‘என்னமோ’ என்ன? மருத்துவமனையில் வார்டுக்கு ஒரு மென்பொருள், மருந்தகத்துக்கு ஒரு மென்பொருள். எழுதியவர்கள் வேறு, எழுதிய மொழியும் வேறு. இரண்டும் பேசிக்கொள்ள நடுவே ஓர் ஒப்பந்தக் கோப்பு. அதில் ஒவ்வொரு தகவலுக்கும் ஓர் எண். கணினி பெயரைப் பார்க்காது, எண்ணைத்தான் பார்க்கும். நான்கு என்றால், நோயாளிக்கு ஒவ்வாத மருந்து.

வார்டு மென்பொருள் எழுதிய எங்கள் குழுவில் ஒரு மேதாவி. யாரா? நான்தான்! சிரியுங்கள், என் மனைவியும் இந்த இடத்தில்தான் சிரிப்பாள். ஒவ்வாத மருந்தை ஒன்பதாம் எண்ணுக்கு மாற்றினேன். நான்கு சும்மா கிடக்கிறதே என்று நோயாளிக்குப் பிடித்த உணவுக்குக் கொடுத்தேன். வார்டில் புதுக் கோப்பு, மருந்தகத்திலோ பழைய கோப்பு. மருந்தகத்துக்குச் சொன்னேனா? இல்லை. சோதித்தேனா? என் மேசையில் சோதித்தேன். என் மேசையில் எல்லாம் பிரமாதம்!

மறுநாள் காலில் புண்ணோடு என் மாமனார் அதே மருத்துவமனையில் சேர்ந்தார். மருந்தாளர் அம்மா எனக்குப் போன் செய்தார்.

“சார், உங்க மாமனாருக்கு என்ன ஒத்துக்காது?”

“பென்சிலின்மா. போட்டா மூச்சே முட்டும்.”

“இங்க தக்காளி சூப்புன்னு காட்டுதே?”

“அது அவருக்கு உயிராச்சே!” என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“அய்யோ, பென்சிலின் ஊசி இப்பத்தான் சார் மேல போச்சு!”

போன் துண்டானது. லிஃப்ட் வரவில்லை. மூன்று மாடியும் ஓடியே ஏறினார் அந்த அம்மா. ஊசி தோளருகே போன நேரத்தில் நர்சின் கையைப் பிடித்துவிட்டார்!

நான் வியர்க்க விறுவிறுக்க வார்டுக்குப் போய் நின்றேன். விஷயத்தைக் கேட்ட மாமனார் அமைதியாகச் சொன்னார்: “என்னைப் பிடிக்கலன்னா நேர்லயே சொல்லியிருக்கலாமே, மாப்பிள்ளை?”

சிரித்தேன் நான், அழுதுகொண்டே சிரித்தேன்.

தோழர்களே! அந்தக் கோப்பு மறுமுனையில் இருப்பவருக்கு நாம் கொடுத்த வாக்கு. நீக்கிய எண்ணுக்கு எதிரே ‘இனி யாருக்கும் இல்லை’ என்று எழுதுங்கள். மாற்றுமுன் சொல்லுங்கள், இரு முனையிலும் சோதியுங்கள். நம் சோம்பலுக்காக இன்னொருவர் மூச்சிரைக்க மாடியேறலாமா? ஏறலாமா?

ஓடி வந்த அந்த அம்மாவுக்கும், இன்னமும் என்னை மாப்பிள்ளை என்றே அழைக்கும் அந்தப் பெரிய மனசுக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்!