அம்மாசித் திட்டு

கொள்ளிடத்து மணலில் விளைகிற வெள்ளரிக்காய்க்குத் தனி ருசி உண்டு. நீங்கள் திருச்சிக்குப் புதியவர் என்பதால் சொல்கிறேன், சித்திரையில் வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். அம்மாசி வருஷம் தவறாமல் எனக்கு ஒரு கூடை கொண்டுவந்து வைப்பான். வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டான்.

என் பெயர் மாத்ருபூதம். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையில் இருபத்தாறு வருஷம் ஆற்றுக் காவல் பார்த்தேன். அளவுக்கல்லில் தண்ணீர் எத்தனை அடி என்று குறிப்பதும், வெள்ளம் வருகிறது என்று தகவல் வந்தால் சிவப்புக் கொடி ஏற்றி ஆற்றுக்குள் இருப்பவர்களைக் கரையேற்றுவதும் என் வேலை. மூன்றாவதாக ஒன்றை நானே ஏற்படுத்திக்கொண்டேன். எந்த மணல்திட்டு எந்த வருஷம் எழுந்தது, எதில் நாணல் பிடித்தது, எந்த மடு தூர்ந்தது, எந்த வெள்ளத்தில் எது கரைந்தது என்று எழுதிவந்தேன். இருபத்துநாலாம் வருஷத்துப் பெருவெள்ளத்துக்கு முந்தைய திட்டுகளைக்கூடப் பரிசல்காரர்களிடம் விசாரித்து எழுதியிருக்கிறேன். கல்லூரி வாத்தியார்கள் என்னைத் தேடி வந்ததுண்டு.

மழை பொய்த்து மருங்காபுரிப் பக்கத்திலிருந்து வந்தவன் அம்மாசி. அவன் குடும்பமும் தம்பிமார் இருவர் குடும்பமுமாகப் பத்துப் பேர். ஆற்றின் நடுவில் புதிதாக எழுந்திருந்த திட்டில் குடிசை போட்டு, வெள்ளரியும் பரங்கியும் கம்பும் வைத்தார்கள். என் நோட்டில் அது பதினெட்டாம் திட்டு. ஊரில் அம்மாசித் திட்டு என்றார்கள்.

ஐம்பத்தாறில் பட்டா கேட்டு மனுப் போட்டார்கள். அதிகாரி என்னைக் கேட்டார். நடு ஆற்றில் எழுந்த பதினேழு திட்டுகளில் ஒன்றுகூட நிலைத்ததில்லை, இதுவும் இரண்டு வருஷத்தில் கரைந்துவிடும் என்று எழுதிக் கொடுத்தேன். மனு தள்ளுபடியானது.

திட்டு கரையவில்லை. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் வண்டல் சேர்ந்து உயர்ந்தது. நான் கொடி ஏற்றியதும் அவர்கள் சட்டிபானையோடு கரையேறுவார்கள். தண்ணீர் வடிந்ததும் திரும்பிப் போய்க் குடிசையைக் கட்டிக்கொள்வார்கள்.

அறுபத்தொன்றில் புது அதிகாரி வந்தார். பழைய மனுவை மறுபடியும் எடுத்தார். அந்த வைகாசியில் ஒருநாள் டீக்கடையில் அம்மாசி சொன்னான்: “ஐயா, ரெண்டு வருசம்னு எழுதினீங்க. அஞ்சாச்சுங்க. ஆறா ஓடுற ஆத்தாளுக்கு அதைப் படிக்கத் தெரியாதுல்லங்க.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் மரியாதைக் குறைவாக எதுவும் பேசவில்லை என்பதை நீங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

வீட்டுக்கு நடந்துபோகும்போது யோசித்தேன். ஓர் இடம் ஆபத்தானது என்று யாரும் சொல்லித் தெரிந்துகொள்வதில்லை. அங்கே ஆபத்து நடந்திருக்க வேண்டும். நான் கொடி ஏற்றுகிற வரையில், அவர்கள் பிழைத்துப் பிழைத்துத் திரும்புகிற வரையில், அந்த மண்ணின் குணம் யாருக்கும் விளங்கப்போவதில்லை.

ஆடியில் ஒருநாள் காலை பத்து மணிக்கு முன்பே தந்தி வந்தது. பிற்பகலில் கொள்ளிடத்தில் முழு வெள்ளம் திறந்துவிடப்படும் என்றிருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினேன். முழங்கால் அளவுதான் தண்ணீர்.

திட்டில் அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மாசிக்கு ஆற்றைப் பார்க்கத் தெரியும்.

“தண்ணி செவந்து வருதுங்க. நுரையும் இருக்கு. கிளம்பிடலாம்னு பார்க்கிறோம்” என்றான்.

“கொடி ஏத்தியிருக்கேனா?”

“இல்லீங்க.”

“ரெண்டடி ஏறும். சாயங்காலம் வடிஞ்சிடும். கம்பு அறுக்கிற நேரத்துல எங்கே போறீங்க?”

அவன் மனைவி இருளாயி இடுப்பில், திட்டில் பிறந்த கைக்குழந்தையைத் துணியால் கட்டியிருந்தாள். “ஐயாவே வந்து சொல்றாங்கல்ல. அவிழ்த்துப் போடுங்க” என்று மூட்டையை அவள்தான் முதலில் பிரித்தாள். எனக்கு மோர் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கரைக்கு வந்தேன்.

மூன்று மணிக்கு மேல் வெள்ளம் வந்தது. நான் அளவுக்கல் பக்கத்தில் நின்றிருந்தேன். நான்கு மணிக்குள் குடிசைக் கூரைகளின் மேல் ஏறிவிட்டார்கள். கையை அசைத்தார்கள். என்னைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். பரிசல்காரன் ஜமால் ஓடிவந்து பரிசலைத் தள்ளப் பார்த்தான். அந்த ஓட்டத்தில் போனால் திரும்பமாட்டாய் என்று நான் பிடித்து நிறுத்தினேன். அவன் உயிரைக் காப்பாற்றியவன் என்று அவன் வீட்டில் இன்றும் எனக்கு மரியாதை உண்டு.

மறுநாள் காலை நாலு மைல் கிழக்கே ஒரு கருவேல மரத்திலிருந்து இருளாயியை இறக்கினார்கள். இடுப்பில் துணி மட்டும் இருந்தது. மற்றப் பத்துப் பேரில் ஆறு பேரின் உடல்தான் கிடைத்தது.

தந்தி மூன்று மணிக்குத்தான் வந்தது என்று விசாரணையில் சொன்னேன். இருளாயியையும் கேட்டார்கள். “ஐயா மேல குத்தமில்லீங்க. அவங்களே தண்ணியில இறங்கி வந்து பார்த்துட்டுப் போனாங்க” என்றாள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. புது அதிகாரி மனுவை மூடினார். என் பழைய அறிக்கை சரியென்று கோப்பில் எழுதினார். தண்ணீர் வடிந்தபோது திட்டு அங்கேயே இருந்தது. கிழக்கே நாற்பது அடி நீண்டிருந்தது. அதை யாரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. என் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. கொடி ஏற்ற அங்கே யாருமில்லை. தபாலாபீஸ் ரசீதில் இருக்கும் நேரத்தை இத்தனை வருஷம் கழித்து நீங்கள் கண்டுபிடித்தது நல்லதுதான். அதில் உள்ள கையெழுத்து என்னுடையது.

போன வாரம் இருளாயி வீட்டுக்கு வந்தாள். அந்தத் திட்டில் மறுபடி ஆட்கள் குடியேறுகிறார்களாம். அக்காள் குடும்பம் அவளையும் கூப்பிடுகிறது.

“எனக்கு வேற போக்கிடம் இல்லீங்க. ஐயா சொன்னா போறேன்” என்றாள்.

போ என்றேன். ஒன்றும் ஆகாது என்றேன். அவள் என்னை நம்புவதில் தப்பில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் அவளிடம் நான் பொய் சொன்னது ஒரே ஒரு தடவைதான்.