நான்காம் மேசைக்குப் பணம் கட்டியது யார்?

இர்பித் நகரத்துக் காய்கறிச் சந்தைச் சிறுவணிகர் சங்கத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமையேற்று, எனக்கு முன்னால் பேசியவர்களின் பேச்சு நீளத்தையெல்லாம் முகம் சுளிக்காமல் பொறுத்துக்கொண்டு வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய ஹாஜி முத்லக் அவர்களே! மேடையை அழகுசெய்யும் சங்கத்துப் பெரியோர்களே! விடியுமுன் ஷட்டரைத் தூக்கி, வெயில் சாய்ந்தபின் இறக்கும் என் வியாபாரத் தோழர்களே! வலப்பக்கம் அமர்ந்து, இவன் என்ன உளறப்போகிறானோ என்று இப்போதே வாயைப் பொத்திச் சிரிக்கும் தாய்மார்களே, சகோதரிகளே! உங்கள் அனைவர் மீதும் அமைதி உண்டாகட்டும்!

நான் அபூ ராக்கான். திரைச்சீலை தைப்பவன், தைத்ததை வீடு வீடாகப் போய் மாட்டுபவன். ஏணிமேல் நின்று பேசிப் பழகியவனே தவிர மேடைமேல் நின்று பேசிப் பழகியவன் அல்லன். பிழை இருந்தால் பொறுத்தருளுங்கள். பொறுக்க முடியாதவர்களுக்கு வெளியே தேநீர் இருக்கிறது, போய்க் குடித்துவிட்டு வாருங்கள்.

எனக்கு முன்னால் மசாலாக் கடை அபூ லுஅய் முழங்கினார். என்ன முழக்கம்! "மேசைக்கு மேசை இந்தக் கட்டம் போட்ட அட்டையை ஒட்டிவிட்டால், போனைக் காட்டிச் சோறு கேட்டு, போனைக் காட்டிக் காசு கொடுத்துவிட்டால், நம் ஊரின் உபசாரம் என்ன ஆகும்? அட்டைக்கு முகம் உண்டா? அட்டைக்கு மனம் உண்டா?" என்று கேட்டார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். அபூ லுஅய் அவர்களே, அழகாகப் பேசினீர்கள்; அத்தனையும் தப்பாகப் பேசினீர்கள்!

இருங்கள், இருங்கள்! அடிக்க வராதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

நம் உம் ஸைத் அவர்களின் மசித்த மொச்சை ஃபூல் கடையை அறியாதவர் இந்த மன்றத்தில் உண்டா? அந்தக் கொண்டைக்கடலை ஹம்முஸை வழித்து நக்காத விரல் உண்டா? அந்த வாயிடம் வசை வாங்காத வாடிக்கையாளர் உண்டா? இதோ, இரண்டாம் வரிசையில் அவரே அமர்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார். அக்கா, நல்லதைத்தான் சொல்லப்போகிறேன், கொஞ்சம் சிரியுங்கள்.

அந்தக் கடையில், நான்காம் மேசையில், இருபது ஆண்டுகளாக வெள்ளிக்கிழமை காலைதோறும் நாங்கள் ஐவர் உண்போம். உண்பது அரை மணி. அதன்பின் யார் பணம் கொடுப்பது என்ற சண்டை அரை மணி! நம் ஊர்ச் சண்டை உங்களுக்குத் தெரியாததா? "அல்லாஹ் மேல ஆணை, நீ கொடுக்கக் கூடாது!" என்பான் ஒருவன். "என்னைக் கொன்னுட்டுக் கொடு!" என்பான் இன்னொருவன். நாற்காலி சாயும், தட்டு உருளும், தினார் நோட்டு இரண்டாகக் கிழியும். கசாப்புக் கடை அபூ ஸக்ர் இருக்கிறாரே, அவர் என் பணப்பையை வெளியே எடுக்க விடாமல் பிடித்து இழுத்ததில் என் சட்டைப் பை மூன்று முறை கிழிந்திருக்கிறது. மூன்று முறையும் நானே தைத்துக்கொண்டேன்.

அந்தச் சண்டையில்தான் ஒருநாள் தட்டோடு ஏழு கண்ணாடிக் கோப்பைகள் நொறுங்கின. உம் ஸைத் இடுப்பில் கை வைத்து நின்றார். "ஏன்டா, ஊர் உலகத்துல காசு கொடுக்காம ஓடுறவனைத் துரத்துவாங்க. நான் காசு கொடுக்க வர்றவனுங்ககிட்ட இருந்து கடையைக் காப்பாத்த வேண்டியிருக்கே!" என்றார்.

மறுவாரமே மேசைக்கு மேசை அட்டை வந்துவிட்டது. போனை நீட்டினால் பதார்த்தங்களின் பட்டியல் விரியும். தொட்டால் அடுப்படிக்குச் செய்தி போகும். உண்டு முடித்தபின் அதிலேயே பணம் கட்டலாம். இனிச் சண்டை ஏது, சத்தம் ஏது என்று அக்கா நிம்மதியாக மாவு பிசையப் போனார்.

சண்டை நின்றதா? நம் ஆட்களா நிறுத்துவார்கள்! முதல் வெள்ளியன்றே ஒருவன் கை கழுவப் போகிற சாக்கில் கட்டினான். ஒருவன் மேசைக்கு அடியில் போனை வைத்துக் கட்டினான். அபூ ஸக்ர் என்ன செய்தார் தெரியுமா? முந்தின நாளே அட்டையைப் படம் பிடித்துக்கொண்டு போய், வீட்டில் செருப்புப் போடும்போதே ஒரு தொகையைக் கட்டிவிட்டு வந்தார். உண்ணாத உணவுக்குப் பணம்! மூன்று தினார் இருபது கிர்ஷ் பில்லுக்குப் பதினாறு தினார் வந்து விழுந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால் ஒருவனாவது வாங்கினானா? "கொடுத்ததைத் திருப்பி வாங்குற வம்சமா நாங்க?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அக்கா அந்தக் காசுக்கு ஃபலாஃபல் பொரித்துத் தெருவுக்கே கொடுத்தார்.

பிறகு அந்த ஏற்பாட்டையே திருத்தச் சொன்னார். ஒரே மேசைக்குப் பலர் பகுதி பகுதியாகக் கட்டலாம். பாக்கி எவ்வளவு என்று மட்டும் தெரியும். முழுதும் வந்துவிட்டால் கதவு மூடிக்கொள்ளும், அதற்குமேல் ஒரு காசும் ஏற்காது. யார் கட்டியது, எவ்வளவு கட்டியது என்று மட்டும் எவனுக்கும் காட்டாது. "பேரைக் காட்டினா நாளைக்கு அதுக்கு ஒரு சண்டை போடுவானுங்க" என்றார்.

அபூ லுஅய் அவர்களே, அட்டைக்கு முகம் இல்லை என்றீர்களே, அந்த முகமின்மை என்ன செய்தது என்று இப்போது கேளுங்கள்.

அந்தத் திருத்தம் வருமுன்பே நான் ஏணியிலிருந்து விழுந்தது உங்களுக்குத் தெரியும். இடுப்பெலும்பு முறிந்தது. எட்டு மாதம் வீட்டோடு கிடந்தேன். ஊசி பிடித்த கைக்கு வேலை இல்லை; வீட்டில் வரவு இல்லை. அந்த எட்டு மாதத்தில் எனக்கு எழுந்து நடக்க முடிந்தபின்னும், நான் நான்காம் மேசைக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை? வலியா? இல்லை. கோபமா? இல்லை. வெட்கம், தோழர்களே, வெட்கம்! அங்கே போனால், அட்டை வந்தும் ஓயாத அந்தச் சண்டையில், பில்லுக்காக எழுந்து மல்லுக்கு நிற்க வேண்டும். எழாமல் உட்கார்ந்திருந்தால் நாலு பேருக்கும் என் நிலைமை தெரிந்துவிடும். எழுந்தாலோ? சண்டையில் தோற்றுவிடுவேன் என்று நான் பயப்படவில்லை. ஜெயித்துவிடுவேனோ என்று பயந்தேன்! அபூ ஸக்ர் திடீரென்று, "சரி, இன்னிக்கு நீயே கொடு" என்று உட்கார்ந்துவிட்டால் என் பையில் என்ன இருக்கிறது?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்று நான் அழுதேன்.

கூப்பிட வந்தவர்களிடம், ஃபூல் வயிற்றுக்கு ஆகவில்லை என்று சொல்லி அனுப்பினேன். ஒருநாள் உம் ஸைத் போனில் வந்தார்.

"என்ன அபூ ராக்கான், ஃபூல் ஒத்துக்கலையாமே? இருபது வருஷமா ஒத்துக்கிட்ட வயிறு இப்ப என்ன கோவிச்சுக்கிச்சு?"

"டாக்டர் வேண்டாம்னுட்டாரு அக்கா."

"எந்த டாக்டர்? பேரைச் சொல்லுங்க. நான் போய்க் கேக்கறேன், என் ஃபூல்ல என்ன குத்தம் கண்டாருன்னு."

அப்போது அந்தக் குரல் இறங்கியது. "இந்த வெள்ளிக்கிழமை வாங்க தம்பி. இப்ப இங்க யாரும் எந்திரிக்கறதில்ல, சட்டையைப் பிடிக்கறதில்ல. வந்து உக்காந்து சாப்பிட்டா போதும்" என்றார்.

போனேன். ஊன்றுகோலோடு போனேன். நான்கு பேரும் என்னைக் கட்டிக்கொண்டார்கள். ஃபூல் வந்தது, சூடான ரொட்டி வந்தது, மரமியா இலை போட்ட தேநீர் வந்தது. உண்டோம். உண்டு முடிந்ததும் எல்லோரும் குனிந்து போனைப் பார்த்தார்கள். நானும் எடுத்து அட்டைமேல் நீட்டினேன். என் கணக்கில் அன்று இருந்தது எழுபது கிர்ஷ். திரையில் என்ன வந்தது தெரியுமா? மூன்று தினார் இருபது அல்ல. பாக்கி நாற்பது கிர்ஷ்! ஒரு தேநீரின் விலை! யாரோ அவசரத்தில் குறைவாகத் தட்டிவிட்டான் என்று நினைத்தேன். நாற்பது கிர்ஷைக் கட்டினேன். உடனே எல்லோர் போனிலும் பச்சை நிறத்தில் வந்தது: நான்காம் மேசை, பணம் வந்து சேர்ந்தது.

அபூ ஸக்ர் மேசையைக் குத்தினார். "எவன்டா கட்டினது?" என்று கர்ஜித்தார். என் பக்கம் திரும்பினார். "நீதானே! எட்டு மாசம் கழிச்சு வந்தவன், முதல் நாளே எங்களை ஏமாத்திட்டியே, திருட்டுப் பயலே!"

"அல்லாஹ் மேல ஆணை, நான் இல்ல!" என்றேன்.

நம் ஊரில் பணம் கட்டியவன் என்ன சொல்வான்? நான் இல்லை என்பான்! சத்தியமே செய்வான்! நான் மறுக்க மறுக்க, நான்தான் கட்டினேன் என்பது அவர்களுக்கு உறுதியானது. "பாருங்கடா, எப்படி நடிக்கறான்!" என்று முதுகில் தட்டினார்கள். ஊன்றுகோலோடு வந்தவன், தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போனேன். அடுத்த மாதம் ஊசியைத் தொட்டேன். அதற்கடுத்த மாதம் ஏணியில் ஏறினேன்.

ஆனால் ஒரு பாரம் எனக்குள் இருக்கிறது. அதை இறக்கிவைக்கத்தான் இன்று மேடை கேட்டேன். அபூ ஸக்ர்! மூன்றாம் வரிசையில் இருக்கிற அபூ ஸக்ர்! அன்று அந்த பில்லை நான் கட்டவில்லை. நான் கட்டியது வெறும் நாற்பது கிர்ஷ். மீதியை யார் கட்டினீர்களோ தெரியாது. உங்கள் பாராட்டை நான் திருடிக்கொண்டேன். மன்னியுங்கள்.

என்ன? என்ன சொல்கிறீர்கள்? ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள். ஹாஜி, ஒரு நிமிடம் அனுமதியுங்கள். சொல்லுங்கள் அபூ ஸக்ர்.

"அடேய், அது எங்களுக்குத் தெரியாதா? நீ கட்டுறதுக்குள்ள கதவு மூடிக்கக் கூடாதுன்னுதானே நாலு பேரும் கணக்குப் பண்ணிக் கட்டினோம். ஒரு தேத்தண்ணி காசை விட்டு வைங்க, அவன் கையால முடியட்டும்னு இந்த அம்மாதான் சொல்லிச்சு!"

உம் ஸைத்... அக்கா... நீங்களா?

"மைக்கை இங்க நீட்டாதீங்க! உக்காருங்கடா எல்லாரும். அந்த மேசைக்கு அஞ்சு பேரு. அஞ்சு பேரும் கட்டினீங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

பெரியோர்களே, தாய்மார்களே, கொஞ்சம் பொறுங்கள். தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

முடிவுரை என்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். அதை மடித்துவிட்டேன். எனக்காக மொத்தத்தையும் கட்டியிருந்தால், நன்றி சொல்லிவிட்டு அன்றோடு அந்த மேசையை விட்டு எழுந்து போயிருப்பேன். இவர்கள் எனக்கு நாற்பது கிர்ஷ் மிச்சம் வைத்தார்கள். அதனால்தான் நான் இன்றும் அங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

அக்காவுக்கு நன்றி. அந்த நால்வருக்கும் நன்றி. இவ்வளவு நேரம் பொறுத்த உங்களுக்கும், மணியை அடிக்காத தலைவருக்கும் நன்றி. உங்கள் கடைகள் நிறையட்டும், உங்கள் மேசைகளில் எவன் நாற்காலியும் காலியாகாதிருக்கட்டும். உங்கள் அனைவர் மீதும் இறைவனின் அமைதியும் அருளும் பொழியட்டும்!